ரெண்டு ஓம்

எரிந்த ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் எவனும் உண்மை பேசுவதில்லை. பதினேழு வருடத்தில் றாஹிலா அப்படி ஒருவனைக்கூடக் கண்டதில்லை. "சும்மாதான் போட்டிருந்த. சத்தமும் கூட வெக்கல்ல. தானா நிண்டு போச்சு" என்பார்கள். தானாக நிற்க அது என்ன வண்டி மாடா? அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். பிளேடால் காகிதக் கோனைச் சுற்றி வெட்டி, உள்ளே இருக்கிற கொயிலை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். அந்தக் கம்பிச் சுற்றில் எல்லாம் எழுதியிருக்கும். சுற்று முழுக்க ஒரே சீராகக் கருகியிருந்தால், சின்ன அம்ப்ளிஃபையரை, ஊர் வாயில் அம்ப், வைத்து வொலியூமைக் கடைசிவரை திருகி, கரகரவென்று கத்தக் கத்த மணிக்கணக்கில் ஓட்டியிருக்கிறான். கம்பி சுற்றிய குழாய் நசுங்கிச் சுற்றுக் குலைந்திருந்தால், தாங்காத ஸ்பீக்கரில் பெரிய அம்பைப் பூட்டி ஒரே உதையில் கொன்றிருக்கிறான். இரண்டு வகை மடையர்களும் கல்முனையில் தாராளமாகக் கிடைத்தார்கள். நிந்தவூர், அக்கரைப்பற்றிலிருந்தும் வந்தார்கள்.

"சின்ன அம்ப்தானே, இந்தப் பெரிய ஸ்பீக்கர் பொக்ஸ அது என்ன செய்யப் போகுது?" என்று கேட்காத ஆள் கிடையாது. சின்ன அம்ப்தான் எரிக்கும். அதன் சக்திக்கு மேல் கேட்டால் மூச்சு முட்டி, சத்தத்தின் தலை வெட்டுப்பட்டு, மிச்சமெல்லாம் வெறும் சூடாகக் கொயிலுக்குள் இறங்கும். இதைச் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். இன்னொருவன் வந்து பெட்டியைக் காட்டி, "ஐயாயிரம் வோட், எழுதியே இரிக்கு" என்றான். ஐயாயிரம் வோட் என்றால் ஐந்து அயன்பொக்ஸ் ஒன்றாகச் சூடேற வேண்டும். அவன் கொண்டுவந்த சாமானின் வயர் சேமியாப் பருமன். மகளுக்கு மாப்பிள்ளை எடுக்க ஆறு மாதம் ஊர் ஊராக விசாரிக்கிற சனம், ஸ்பீக்கருக்கு அம்ப் எடுக்க ஆறு நிமிடம் விசாரிப்பதில்லை என்று றாஹிலா மனதுக்குள் கறுவிக்கொள்வாள்.

மனதுக்குள் மட்டும்தான். ஏனென்றால் வெளியே தொங்கிய பலகையில் "காலிதீன் சவுண்ட்ஸ்" என்று இருந்தது. முன்னறையில் காலிதீன் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பான். நடுவில் ஒரு சீலைத் திரை. அதற்குப் பின்னால் அவன் மனைவி றாஹிலா கொயில் சுற்றுவாள். கல்யாணமான மூன்றாம் மாதம் அவன் வாடகைக்கு விட்ட இரண்டு பொக்ஸும் எரிந்து வந்தபோது, மட்டக்களப்புக்கு அனுப்ப வேண்டும் என்று அவன் தலையில் கைவைத்துக்கொண்டிருந்தான். றாஹிலாதான் ஒன்றைத் திறந்து, கருகிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணி அவிழ்த்து, அதே எண்ணிக்கைக்குப் புதுக்கம்பி சுற்றி ஒட்டினாள். மருதமுனையில் நெசவுக்கு நூல் சுற்றி வளர்ந்த விரல்கள் அவளுடையவை. மூன்றாவது முயற்சியில் ஸ்பீக்கர் பாடியது. அன்றிலிருந்து ஊரில் பேச்சு என்னவென்றால், "காலிதீன்ட கை பட்டா செத்த ஸ்பீக்கரும் கதைக்கும்."

காலிதீன் கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய எரிச்சல். அடிக்கிறவனாகவோ குடிக்கிறவனாகவோ இருந்தால் ஒரேயடியாக வெறுத்துவிட்டுப் போகலாம். இவன் சிரித்த முகம், பள்ளியில் முதல் வரிசை, கேட்டவருக்கெல்லாம் பெட்டி தூக்கிக் கொடுக்கிற மனுசன். யாராவது கையைப் புகழ்ந்தால் உள்ளங்கையைத் திருப்பிக் காட்டி, "எல்லாம் அல்லாஹ் தந்த கைதானே" என்பான். அந்தக் கையில் ஈயம் சுட்ட ஒரு தழும்பு இல்லை. திரைக்குப் பின்னால் இருந்த கையில் பதினொன்று இருந்தன.

இந்த வருடம் நோன்பு இருபத்தைந்தில் பெருநாள் திடல் கமிட்டியிலிருந்து ஆள் வந்தது. பெருநாள் தொழுகை கடற்கரையில் நடக்கும். முன்னால் ஆண்கள், இடையில் பச்சைத் திரை, பின்னால் பெண்கள். பெண்களுக்கு இமாம் தெரிவதில்லை. பொக்ஸில் 'அல்லாஹு அக்பர்' என்ற தக்பீர் கேட்டால்தான் குனிவதும் நிமிர்வதும். ஒவ்வொரு வருடமும் பெண்கள் பக்கத்துப் பொக்ஸ் அரை உயிரில் முனகும், கடற்காற்று மிச்சத்தை அள்ளிக்கொண்டு போகும். போன வருடம் பாதிப்பேர் நிலையில் நிற்க, பாதிப்பேர் றுகூஃவில் குனிந்து நின்றார்கள். பக்கத்து வளவு சல்மா உம்மா முழங்கால் வருத்தத்தோடு அதிலேயே குனிந்து நின்று அழுதுவிட்டாள். ஆண்கள் அதை ஒரு மாதம் தேத்தண்ணிக் கடையில் வைத்துச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவனுக்குக்கூட ஒரு வயரைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இம்முறை கவலையே இல்லை என்றார்கள். அப்ராஸ் பெரிய அம்ப் கொண்டு வந்திருக்கிறான். காலிதீன் பொக்ஸுகளை மட்டும் தந்தால் போதும்.

அப்ராஸ் கட்டாரிலிருந்து வந்தவன். அங்கே பெரிய பெரிய மேடைகளுக்கு சவுண்ட் செய்தவன் என்று ஊர் சொன்னது. றாஹிலா அவன் மாமி முறையான ஒருத்தியிடம் விசாரித்துப் பார்த்ததில், லொறியிலிருந்து பெட்டி இறக்கியிருக்கிறான் என்று தெரிந்தது. அதில் ஒரு வெட்கமும் இல்லை, பெட்டி இறக்குவது நல்ல வேலைதான். ஆனால் இறக்கிய பெட்டிக்குள் இருந்த அறிவும் தன் தலைக்குள் இறங்கிவிட்டது என்று நினைக்கிறானே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அம்பை முகநூலில் போட்டிருந்தான். பதினொரு படம். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம், அம்போடு அப்ராஸ், அப்ராஸோடு அம்ப். றாஹிலா எல்லாவற்றையும் விரலால் பெருப்பித்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் பின்பக்கம் இல்லை. ஒரு அம்பைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் பின்பக்கத்தில்தான் எழுதியிருக்கும். இந்த மாப்பிள்ளை தன் முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தான்.

அன்று நோன்பு திறந்த பிறகு அவள் காலிதீனிடம் சொன்னாள்.

"பொக்ஸ் தாறதுக்கு எனக்கு ஒரு கதை இரிக்கு. குத்பா பிரசங்கத்துக்குப் பொறகு றிஸ்மி ஹாஜியார் நன்றி வாசிக்கிறல்ல? பந்தல் போட்டவன், பாய் தந்தவன், தண்ணி தந்தவன் எண்டு. அதுல சவுண்ட் செஞ்ச ஆள்ட பேரும் வரணும்."

"வரும்தானே. என்ட பேர்தான் வருசா வருசம் வருதே."

"என்ட பேர்."

காலிதீன் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தான். "பொம்புளையிர பேர மைக்ல வாசிக்கிறதா புள்ள?"

"ஸ்பீக்கருக்குள்ள என்ட கை போகலாம், மைக்குக்குள்ள என்ட பேர் போகக் கூடாதா? காலிதீன்ட பொஞ்சாதி எண்டு வாசிக்கிறதும் வேணா. றாஹிலா எண்டு வாசிக்கணும். ஏலாதெண்டா பொக்ஸ் ஒண்டும் வீட்டால வெளிக்கிடாது."

மறுநாள் தறாவீஹ் தொழுகை முடிந்து வந்தவன், கமிட்டிச் செயலாளர் றிஸ்மி ஹாஜியார் சரி என்றுவிட்டதாகச் சொன்னான். அவரிடம் இவன் எப்படிக் கேட்டான், "அவவும் கொஞ்சம் உதவி செய்வா" என்று முணுமுணுத்தானா, அவள் கேட்கவில்லை. கேட்டால் சந்தோஷம் கெட்டுவிடும் என்று பயந்தாள். ஆம், சந்தோஷம்தான். பதினேழு வருடமாக இந்த ஊரின் கல்யாணமும் கந்தூரியும் ஏலக்கூச்சலும் அவள் சுற்றிய கம்பிக்குள்ளால்தான் போய்க்கொண்டிருந்தன. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கம்பிக்குள்ளால் தன் பேர் போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள். அதற்கு முதலில் பெருநாளன்று ஒரு தக்பீரும் பிசகாமல் கடைசி வரிசைப் பெண்ணுக்கும் கேட்க வேண்டும்.

ஆண்கள் பக்கத்துக்கு இரண்டு பொக்ஸ். அது லேசான வேலை. பெண்கள் பக்கம் நீளம், நாலு பொக்ஸ் வேண்டும். ஒவ்வொன்றும் கரண்டை மறிக்கிற அளவு எட்டு ஓம். நாலையும் எப்படிக் கட்டுவது என்பதில்தான் விஷயம் இருந்தது. இரண்டிரண்டாக வாலோடு தலை சேர்த்துக் கட்டி, அந்த இரண்டு சோடியையும் பக்கத்துப் பக்கம் இணைத்தால் அம்புக்கு எட்டு ஓமாகவே தெரியும். எந்த அம்பும் தாங்கும், எதுவும் எரியாது. ஆனால் சத்தம் குறையும். நாலையும் பக்கத்துப் பக்கமாகக் கட்டினால் சத்தம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். ஆனால் இரண்டு ஓமுக்கு இறங்கிவிடும். ஓம் குறையக் குறைய அம்பிலிருந்து இழுபடுகிற கரண்ட் கூடும்.

"வயலுக்கு நாலு தண்ணி வக்கடையையும் ஒரேயடியாத் தொறந்து விட்ட மாதிரி" என்று பெருநாளுக்கு முதல் நாள் காலிதீனுக்கு விளக்கினாள். "வாய்க்கால்ல அவ்வளவு தண்ணி வரணும். இல்லாட்டி வாய்க்காலே காஞ்சி போயிடும். அவண்ட அம்ப் அதத் தாங்குமா எண்டு தெரியணும். போய், பின்பக்கத்தத் திருப்பி, ஆகக் குறைஞ்சது எத்தின ஓம் எண்டு எழுதியிரிக்கெண்டு ஒங்கட கண்ணால பாத்திட்டு வாங்க."

"சரி" என்றான் காலிதீன். அசர் தொழுகைக்குப் பின்னான வெயில், நோன்பு களைப்பு, அப்ராஸின் வீடு மூன்று ஒழுங்கை தள்ளி. முன்னறையில் போய் உட்கார்ந்து போனை எடுத்தான். திரைக்கு இந்தப் பக்கம் அவளுக்கு அவன் குரல் மட்டும் கேட்டது.

"ஸலாம் அலைக்கும் தம்பி. அந்த அம்ப் எத்தின ஓம்?... ஆ. சரி சரி. வெக்கிறன்."

திரையை விலக்கித் தலையை நீட்டினான். "ரெண்டு ஓமாம்."

"பாத்துத்தான் சொன்னானா?"

"பாக்காம சொல்லுவானா? கட்டார்ல செஞ்சவன்."

றாஹிலா பேனாக்கத்தியால் வயர் நுனியை உரித்தாள். இரண்டு ஓமுக்கு இறங்குகிற அம்ப் லேசில் கிடைக்காது. வாயை நம்பாதே, பின்பக்கத் தகட்டைப் பார் என்பது அவளே வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் காலிதீன் வாயால் சொல்லி அனுப்புகிற விஷயம். எழும்பி அபாயாவைப் போட்டுக்கொண்டு போனால் பத்து நிமிடம். ஆனால் போனால் அப்ராஸின் கேற்றில் நிற்க வேண்டும். ப்ளூடூத்தைக் காதில் குத்திய அந்த லொறிக்காரனிடம், அம்பைத் திருப்பிக் காட்டு என்று கேட்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டு அவளுக்கு ஓம் என்றால் என்னவென்று படிப்பிப்பான். அந்தச் சிரிப்பை நினைத்ததுமே அவளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. அவன் முகத்தில் முழிப்பதைவிட அவன் சொன்ன கணக்கை நம்பிவிடுவது லேசு என்று நினைத்தாள். தவிர, இரண்டு ஓம் என்பது அவளுக்கு வேண்டிய பதிலாகவும் இருந்தது. நாலு பொக்ஸையும் பக்கத்துப் பக்கமாகக் கட்டினாள். ஒவ்வொரு முறுக்கையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

பெருநாள் காலை காற்று கொஞ்சம் பலமாகத்தான் இருந்தது. அம்பைப் பச்சைத் திரைக்கு ஒட்டினாற்போல, ஆண்கள் பக்கத்துக் கடைசியில், ஒரு மேசையில் ஏற்றி வைத்திருந்தார்கள். அப்ராஸ் புது ஜுப்பாவோடு அதன் பக்கத்திலேயே நின்றான், காவலுக்கு நிற்கிறவன் போல. ஆட்கள் வந்து வந்து அம்போடு படம் எடுத்தார்கள். பெண்கள் பக்கம் நானூறு பேராவது இருக்கும். றாஹிலா மூன்றாவது வரிசையில், பொக்ஸ் ஒன்றுக்குப் பக்கமாகப் பாயை விரித்தாள். பக்கத்தில் சல்மா உம்மா.

முதல் தக்பீர் வந்தபோது றாஹிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு துப்புரவான சத்தம். தொழுவிக்கிற மௌலவி மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தொழுகையின் முதல் றக்அத்தின் ஏழு தக்பீரும் மணல் முழுக்கப் பரவி, கடைசி வரிசையும் ஒன்றாகக் கையை உயர்த்தியது. குர்ஆன் ஸூறா ஓதியபோது அலைச்சத்தமே கேட்கவில்லை. அவள் கட்டியதுதான். அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் மனம் சொன்னதில் தொழுகைக்கு எவ்வளவு, பொக்ஸுக்கு எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் றக்அத்துக்கு எழும்பியபோது யாரோ வொலியூமைக் கூட்டினான். யாரோ என்ன, ஒருவன்தான் அங்கே இருந்தான். போதும் என்பது எது என்று தெரியாதவன் கையில் திருகுகிற குமிழ் கிடைத்தால் அவன் திருகத்தான் செய்வான். தக்பீரின் நுனி கிழியத் தொடங்கியது. மற்றவர்களுக்குச் சத்தம் கூடியது போலத்தான் இருந்திருக்கும். றாஹிலாவுக்கு அது தன் பல்லில் மணல் கடிபட்டது போல இருந்தது. ஓதலில் ஒவ்வொரு நீட்டலும் கரகரத்தது. குறை, குறை, குறை என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. தொழுகையில் தக்பீர் கட்டி நிற்கிறவள் எங்கே போய்ச் சொல்வது? றுகூஃவுக்குப் போனார்கள். நிமிர்ந்தார்கள். சுஜூதுக்குப் போனார்கள்.

நெற்றி பாயில் பட்டிருந்தபோது அவளுக்கு மணந்தது. கொயில் கம்பியின் வார்னிஷ் கருகுகிற மணம். பதினேழு வருடமாக மூக்கில் ஏறிய மணம் அது, பிசகவே பிசகாது. பக்கத்துப் பொக்ஸிலிருந்து வந்தது. பிறகு எங்கேயோ "டக்" என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு கடல் மட்டும்தான்.

நானூறு பெண்கள் மணலில் நெற்றியை வைத்துக்கொண்டு எழும்பு என்று சொல்லுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. இமாம் நீளமாக துஆக் கேட்கிறார் போலும் என்று நினைத்திருப்பார்கள். றாஹிலாவுக்கு மட்டும் இனி ஒன்றும் வராது என்று தெரியும். தெரிந்தும் அவள் எழும்பவில்லை. எழும்பினால் முகத்தைக் காட்ட வேண்டும். சுஜூதிலேயே கிடந்து அவள் தன்னைத் திட்டினாள். தகட்டைப் பார்க்காமல் வயர் போட்ட மடைச்சி. நிந்தவூர்க்காரனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவனுக்காவது ஒன்றும் தெரியாது.

சல்மா உம்மாவின் முழங்கால் நடுங்குவது பாய் வழியாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு சின்னப் பெண்பிள்ளை திரைக்குக் கீழால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, தன் தாயின் முதுகில் தட்டினாள்.

"உம்மா, எழும்புங்க. அங்க தொழுது முடிஞ்சி, வாப்பா எல்லாருக்கும் கைகுடுத்திட்டிரிக்கார்."

ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். நெற்றி எல்லாம் மணல். ஒருத்திக்கும் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை. தொழுகை கூடுமா கூடாதா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். சிலர் தாங்களாகவே மிச்சத்தை முடித்து ஸலாம் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் மௌலவி தொண்டையால் குத்பா ஓதத் தொடங்கி, மூன்றாம் வரிசைக்கு மேல் போகவில்லை என்று கண்டு, சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

பிறகு மேசையைச் சுற்றி ஆண்கள் கூடினார்கள். திரை ஒரு சீலைதான், எல்லாம் கேட்டது. பெண்களும் ஸலாம் சொல்வதை விட்டுவிட்டுக் காது கொடுத்தார்கள்.

அப்ராஸ் கொழும்பில் அம்ப் விற்றவனுக்குப் போன் எடுத்திருந்தான். அவன் கேட்ட முதல் கேள்வியே பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான். வாங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அப்ராஸ் அதைத் திருப்பிப் பார்த்தான்.

"அம்ப்ல பிழையில்ல" என்று அவன் குரல் உயர்ந்தது. "இஞ்ச எழுதியிரிக்கு பாருங்க, ஆகக் குறைஞ்சது நாலு ஓம். பொம்புளையள்ட பக்கம் நாலு பொக்ஸயும் ஒண்டாக் கட்டி ரெண்டு ஓம் ஆக்கிரிக்கு. நிக்காம என்ன செய்யும்? அந்தப் பக்கம் பொக்ஸ் எரிஞ்சும் போச்சு. ஆரு இதக் கட்டின? அறிவுள்ளவன் கட்டுவானா?"

"நான் கேட்டுத்தானே தம்பி கட்டின" என்றது காலிதீனின் குரல். "நேத்து போன்ல எத்தின ஓம் எண்டு கேட்டன். நீங்கதான் ரெண்டு ஓம் எண்ட."

"நான் எப்ப காக்கா ரெண்டு எண்டு சொன்ன?"

"'ஓம், ஓம்' எண்டு சொன்னீங்களே. ரெண்டு தரம் சொன்ன. நான் வடிவா எண்ணின."

அப்ராஸ் மெதுவாகச் சொன்னான். "அது நான் வேன்காரனுக்குச் சொன்ன காக்கா. சாமான எறக்கவா எண்டு கேட்டான். ஓம் ஓம் எண்டன்."

முதலில் யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான். பிறகு மேசையைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் பெருநாள் உடுப்புக் குலுங்கச் சிரித்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் றாஹிலா நெற்றி மணலைத் துடைத்தாள். இரண்டு ஓம். பதினேழு வருடம் ஸ்பீக்கரோடு சீவித்த மனுசன், ஆமாம் என்று சொன்ன 'ஓம்'களை எண்ணிக்கொண்டு வந்து தந்திருக்கிறான். அவள் அதை வாங்கி, நாலு பொக்ஸைக் கட்டி, நானூறு பேரை மணலில் கிடத்தியிருக்கிறாள். அவனை நினைத்து வந்த அருவருப்பைவிட, அவனை அனுப்பிவிட்டுத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தன்னை நினைத்து வந்ததுதான் கூட.

சிரிப்பு அடங்கியதும் றிஸ்மி ஹாஜியார் பேசினார். "காலிதீன், இவ்வளவு வருசமா ஊரெல்லாம் ஒன்ட கை, ஒன்ட கை எண்டு சொல்லுது. நீயே இப்புடி ஒரு வேல செய்யலாமா?"

காலிதீன் உடனே பதில் சொன்னான். யோசிக்கக்கூட இல்லை.

"நான் கையே வெக்கல்ல ஹாஜியார். அல்லாவறிய, எல்லாம் றாஹிலாதான் செஞ்ச. வயர் கட்டின, பொக்ஸ் பூட்டின, முழுக்க அவட வேலதான். நான் தூக்கிக் கொண்டு வந்து வெச்ச மட்டும்தான்."

அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அப்படியேதான் வந்தது. காலிதீன்ட பொஞ்சாதி என்று சொல்லவில்லை. கொஞ்சம் உதவி செய்தா என்றும் சொல்லவில்லை. பேர் தெளிவாக, ஊர் முன்னால், மைக்கும் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்டது. பெண்கள் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். சல்மா உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீயா புள்ள இதச் செஞ்ச?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நம்ப முடியாமல் கேட்டாள்.

றாஹிலா நேரே போய்ப் பச்சைத் திரையைக் கையால் தூக்கிப் பிடித்தாள். ஆண்கள் திடுக்கிட்டு இரண்டடி விலகினார்கள். சிலர் பார்வையைக் கீழே போட்டார்கள். அப்ராஸ் அம்புக்கு முன்னால் வந்து நின்றான், அவள் அதை உடைக்கப் போகிறாள் என்பது போல. அவள் அவனைப் பார்க்கவே இல்லை.

"பிழை என்டதான் ஹாஜியார்" என்றாள். "பின்னால பாக்காம கட்டின. என்ட கண்ணால பாத்திரிக்கணும். அதுக்கு இந்தப் பொம்புளையள்ட்ட நான் மன்னிப்புக் கேப்பன். ஒங்கள்ட்ட இல்ல."

பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"இத எரிச்சது றாஹிலா எண்டு சொல்லிட்டீங்க மச்சான். மெய்தான். இதுக்கு முன்னால எரிஞ்சு வந்த அத்தனையையும் திருத்தின ஆரு எண்டும் சொல்லுங்க. ஆக்கள் நிக்காங்க. இப்ப சொல்லுங்க."

காலிதீன் வாயைத் திறந்தான். ஹாஜியாரைப் பார்த்தான், அப்ராஸைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பெருநாள் காலையில் கடற்கரை முழுக்க அவ்வளவு அமைதி. ஒரு சொல் சொல்லியிருந்தால் கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும். அவன் சொல்லவில்லை. குனிந்து, மணலில் கிடந்த வயரை எடுத்துச் சுற்றத் தொடங்கினான்.

றாஹிலா திரையை விட்டாள். உள்ளே வந்து சல்மா உம்மாவின் பாயை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"நான்தான் உம்மா செஞ்ச" என்றாள். "வாங்க, மெல்ல நடப்பம்."